சேணக்குழியைப் படம் பிடித்த கதை

மருத்துவப் படங்களின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் அதைக் கருவிகளின் வரலாறாகவே எழுதிவிடுகிறார்கள். 1895-இல் எக்ஸ்ரே, 1918-இல் காற்றைச் செலுத்தி எடுத்த மூளைப் படம், 1971-இல் சி.டி. ஸ்கேன், 1980-களில் எம்.ஆர்.ஐ. ஒவ்வொரு கருவியும் முந்தையதைவிடக் கூடுதலாகக் காட்டியது, எனவே நோயைக் கண்டறிவதும் அதே அளவுக்கு முன்னேறியது என்பது அந்தக் கதை. எலும்பு முறிவுக்கும் நுரையீரலுக்கும் அது ஓரளவு பொருந்தும். பிட்யூட்டரிச் சுரப்பியில் வரும் கட்டிகளுக்குப் பொருந்தவில்லை. இந்த நூற்றிருபது ஆண்டுச் சான்றுகளைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. பிட்யூட்டரிக் கட்டியைப் படம் தனியாக நின்று சொன்ன காலம் மிகக் குறைவு. நோயாளியின் முகமும் கையும் கண்ணும், பிற்பாடு அவருடைய ரத்தமும் எழுப்பிய கேள்விக்கு அது பதில் சொல்லியிருக்கிறது. கேள்வி எதுவும் இல்லாமல் எடுத்த படம் மருத்துவர்களைத் திசைமாற்றியதும் உண்டு. அதுவும் ஒருமுறை அல்ல.

சுரப்பி பட்டாணி அளவுதான். எடை அரை கிராமுக்குச் சற்று மேல். மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில் உள்ள ஒரு சிறு எலும்புக் குழியில் அது இருக்கிறது. சேணம்போல வளைந்த அந்தக் குழிக்கு உடற்கூறியலார் துருக்கிச் சேணம் என்று பெயர் வைத்தார்கள். இங்கே சேணக்குழி என்று சொல்லிக்கொள்வோம். அதற்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் மேலே இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்கிட்டுச் செல்கின்றன. இவ்வளவு ஆழத்தில் கிடக்கும் சுரப்பியின் நோய் எக்ஸ்ரே பிறப்பதற்கு முன்பே அடையாளம் காணப்பட்டுவிட்டது. 1886-இல் பாரிஸ் மருத்துவர் பியர் மரி, வளர்ந்து முடிந்த வயதில் கையும் காலும் முகமும் பெருத்துக்கொண்டே போன இரு நோயாளிகளை விவரித்து, அந்த நோய்க்கு அக்ரோமெகலி என்று பெயரிட்டார். மோதிரம் விரலில் ஏறாது, செருப்பின் அளவு ஆண்டுக்காண்டு கூடும், கீழ்த்தாடை முன்னே வந்து பற்களுக்கிடையே சந்து விழும். அடுத்த ஆண்டே ஆஸ்கர் மின்கோவ்ஸ்கி இந்த நோயையும் பிட்யூட்டரி வீக்கத்தையும் தொடர்புபடுத்தினார். அதாவது, ரான்ட்கன் தம் கதிர்களைக் கண்டுபிடித்த 1895-ஆம் ஆண்டுக்கு முன்பே இந்த நோய்க்கு ஒரு முகம் இருந்தது. முகவரியும் ஏறக்குறையத் தெரிந்திருந்தது. பெர்லினில் ஹெர்மன் ஓப்பன்ஹைம் அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் ஓர் அக்ரோமெகலி நோயாளியின் தலையை எக்ஸ்ரே எடுத்து, விரிந்துபோன சேணக்குழியைக் காட்டினார். அவர் பார்த்தது கட்டியை அல்ல. எக்ஸ்ரேயில் மென்திசு தெரியாது. கட்டி வளர்ந்து எலும்பை அரித்த தடம்தான் தெரியும். எந்த எலும்பைப் பார்க்க வேண்டும் என்பதை நோயாளியின் முகமே சொல்லியிருந்தது.

அந்தத் தடத்தைப் படிப்பதை ஒரு துறையாகவே வளர்த்தவர் வியன்னாவின் ஆர்த்தர் ஷூல்லர். மண்டையோட்டின் அடித்தளத்தைப் பற்றி 1905-இலும், தலைநோய்களின் எக்ஸ்ரே கண்டறிதல் பற்றி 1912-இலும் அவர் எழுதிய நூல்கள்தான் நரம்பியல் கதிர்ப்படத் துறைக்கு அடித்தளம். குழியின் வாய் அகன்றிருக்கிறதா, தரை பள்ளமாகியிருக்கிறதா, பின்சுவர் மெலிந்திருக்கிறதா என்று பார்த்து, அழுத்தம் உள்ளிருந்து வந்ததா மேலிருந்து வந்ததா என்று ஊகிக்க அவர் கற்றுக்கொடுத்தார். யூதரான அவர் 1938-இல் ஆஸ்திரியா ஹிட்லர் வசமான பின் நாட்டைவிட்டுத் தப்பி, கடைசியில் மெல்போர்னில் குடியேறினார்; அவருடைய மகன்கள் நாஜி முகாம்களில் மடிந்தார்கள். மருத்துவ நூல்கள் அவர் பெயரை நோய்களோடு சேர்த்துச் சொல்லிவிட்டு இந்தப் பகுதியைத் தாண்டிப்போய்விடுகின்றன.

இந்த எக்ஸ்ரே நிழலை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்பது 1907 மார்ச்சில் தெரிந்தது. இன்ஸ்புரூக்கில் ஹெர்மன் ஷ்லாஃபர் மூக்கின் வழியாகப் பிட்யூட்டரிக் கட்டியை எடுத்த முதல் அறுவையைச் செய்தார். குழி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெருத்திருக்கிறது என்று சொல்ல எக்ஸ்ரே உதவியது. இரண்டரை மாதம் கழித்து நோயாளி இறந்தார். பிரேதப் பரிசோதனையில் கட்டியின் பெரும்பகுதி மேலே மூளைப் பக்கம் வளர்ந்து அப்படியே இருந்தது தெரியவந்தது. குழிக்கு மேலே எலும்பு இல்லை. அரிக்கப்பட எதுவும் இல்லாத இடத்தில் கட்டி எந்தத் தடத்தையும் விடவில்லை. அந்தக் குறையை நிரப்பியது படம் அல்ல, கண். கட்டி மேல்நோக்கி வளர்ந்தால் பார்வை நரம்புகளின் குறுக்கிடத்தை அழுத்தும். நோயாளிக்கு நேரே இருப்பது தெரியும், இரு பக்கவாட்டிலும் இருள் ஏறும். அமெரிக்காவில் ஹார்வி குஷிங், கிளிஃபர்ட் வாக்கரோடு சேர்ந்து 1915 வாக்கில் வெளியிட்ட கட்டுரைகளில், பார்வைப் புலத்தை அளந்து வரைந்த கோட்டுப்படங்களை வைத்தே கட்டி எந்தப் பக்கம், எவ்வளவு மேலே போயிருக்கிறது என்று கணித்தார். நோயாளியை உட்காரவைத்து, ஒரு சிறு வெள்ளைப் புள்ளியை ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்தி, எப்போது தெரிகிறது என்று கேட்டுக் கேட்டுக் குறித்த கோடு அது. அன்றைய எக்ஸ்ரேயால் சொல்ல முடியாததை அது சொன்னது.

குஷிங் 1932-இல் செய்தது இதைவிட முக்கியம். உடலும் முகமும் பருத்து, கைகால் மெலிந்து, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழுந்து, எலும்பு பலவீனப்பட்டு, ரத்த அழுத்தம் ஏறிய பன்னிரண்டு நோயாளிகளை ஒன்றுசேர்த்து, இதற்குக் காரணம் பிட்யூட்டரியில் உள்ள மிகச் சிறிய கட்டி என்று வாதிட்டார். இந்தக் கட்டிகள் பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவே. சேணக்குழியைத் தொந்தரவு செய்யாதவை. எக்ஸ்ரே எடுத்தால் குழி இயல்பாகத்தான் இருக்கும். இன்று அவர் பெயரால் வழங்கும் அந்த நோய், படத்தின் உதவி அறவே இல்லாமல், உடலைப் பார்த்ததாலும் பிரேதப் பரிசோதனை மேசையாலும் நிலைநாட்டப்பட்டது. சுரப்பி எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அதன் சுரப்பு உடல் முழுவதும் எழுதிவிடுகிறது. இந்த ஒரு காரணத்தால்தான் பிட்யூட்டரியின் படவரலாறு மூளையின் மற்றப் பகுதிகளின் படவரலாற்றிலிருந்து விலகிப்போகிறது.

இதற்கிடையே நிழலை மீறிப் பார்க்கும் முயற்சிகள் தொடர்ந்தன. பால்டிமோரில் வால்டர் டேண்டி 1918-இல் மூளை அறைகளில் நேரடியாகவும், 1919-இல் முதுகுத்தண்டின் வழியாகவும் காற்றைச் செலுத்திப் படம் எடுத்தார். காற்று எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரியும். அது எங்கே போகாமல் தடைபடுகிறதோ அங்கே கட்டி. நோயாளிக்கு இது பெருந்துன்பம். தண்டுவட நீரை வடித்துவிட்டு அந்த அளவுக்குக் காற்றை ஏற்றி, அது உரிய இடத்துக்குப் போய்ச்சேர அவரைக் குனியவும் சாயவும் புரளவும் வைப்பார்கள். பிற்காலத்தில் இதற்கென்றே சுழலும் நாற்காலிகள் வந்தன. தலைவலியும் வாந்தியும் நாள்கணக்கில் நீடிக்கும். லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் 1927 ஜூனில் மூளை ரத்தக்குழாய்களை முதன்முதலாகச் சரியாகப் படமெடுத்தபோது, அந்த நோயாளி பிட்யூட்டரிக் கட்டி உள்ள இருபது வயது இளைஞர். கட்டி தள்ளியதால் குழாய்கள் இடம்பெயர்ந்திருந்தது படத்தில் தெரிந்தது. குழாய்களைத் தெளிவாகக் காட்ட அடுத்த பத்தாண்டுகளில் பயன்பட்ட தோரோட்ராஸ்ட் என்ற திரவம் கதிரியக்கம் கொண்டது. அது கல்லீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கியது. வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949-இலும், சென்னைப் பொது மருத்துவமனையில் ராமமூர்த்தி 1950-இலும் நரம்பியல் அறுவைப் பிரிவுகளைத் தொடங்கியபோது உலகெங்கும் கையில் இருந்தவை இந்தக் கருவிகள்தான்: நிழல், காற்று, குழாய்.

காற்றுப் படம் ஒரு சங்கடத்தையும் வெளிக்கொண்டுவந்தது. சேணக்குழி பெருத்திருந்தால் உள்ளே கட்டி என்று இரண்டு தலைமுறை மருத்துவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1951-இல் கோபன்ஹேகனின் புஷ், பிரேதப் பரிசோதனைகளில் குழிக்குள் சுரப்பி தட்டையாக ஒட்டிக்கிடக்க, மிச்ச இடத்தைத் தண்டுவட நீர் நிரப்பியிருப்பதை விவரித்து, அதற்கு வெற்றுச் சேணம் என்று பெயர் வைத்தார். எக்ஸ்ரேயில் பெருத்த குழி. உள்ளே கட்டியே இல்லை. காற்றைச் செலுத்தினால் அது குழிக்குள்ளேயே இறங்கி நின்றுவிடும். படம் சொன்னதை அப்படியே நம்பி அறுவைக்குப் போனவர்கள் நீரைத்தான் கண்டிருப்பார்கள்.

இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒரு படம் அல்ல, 1936-இல் வந்த ஒரு கட்டுரை. மேயோ கிளினிக்கில் காஸ்டெல்லோ என்பவர், பிட்யூட்டரி நோய் எதுவும் இருந்ததாகத் தெரியாமல் இறந்துபோனவர்களின் ஆயிரம் சுரப்பிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். 22.5 விழுக்காட்டுச் சுரப்பிகளில் சிறு கட்டிகள் இருந்தன. ஐந்தில் ஒருவருக்கும் மேல், ஒரு தொந்தரவும் இல்லாமல் அதைச் சுமந்துகொண்டு வாழ்ந்து முடித்திருக்கிறார்கள். அன்று இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளக் காரணமும் இல்லை. உயிரோடிருப்பவரிடம் அத்தகைய கட்டியைப் பார்க்க எந்தக் கருவியும் கிடையாது. பார்க்க முடியாதவரை அது பிரச்சினையாகவில்லை. பார்க்கும் கருவி வந்தபோது காஸ்டெல்லோவை மறந்திருந்தார்கள்.

1960-களில் மான்ட்ரியலின் ஜூல்ஸ் ஹார்டி, பாரிஸில் கியோவிடம் கற்ற மூக்குவழி அறுவையோடு நுண்ணோக்கியையும் இணைத்து, நல்ல சுரப்பியை விட்டுவைத்துக் கட்டியை மட்டும் பிரித்தெடுக்க முடியும் என்று காட்டினார். பத்து மில்லிமீட்டருக்குக் குறைவான கட்டிக்கு மைக்ரோ அடினோமா என்ற பெயர் நிலைத்தது. இன்னொரு பக்கம் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் உருவாக்கிய கதிரியக்க நோய் எதிர்ப்பு அளவீட்டால் ரத்தத்தில் மிகச் சொற்ப அளவில் உள்ள ஹார்மோனையும் அளக்க முடிந்தது. 1970-களின் தொடக்கத்தில் புரோலாக்டினும் அளவீட்டுக்குள் வந்தது. மாதவிடாய் நின்று, பிரசவம் இல்லாமலேயே பால் கசிந்த இளம்பெண்களுக்கு முதன்முறையாக ஒரு காரணம் கிடைத்தது. அந்தக் கட்டி எங்கே என்று தேட அடுக்கு எக்ஸ்ரே முறை கைகொடுத்தது. சேணக்குழியின் தரையை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் படமெடுத்து, ஒருபக்கம் லேசாகச் சரிந்திருக்கிறதா, மெலிந்து புடைத்திருக்கிறதா என்று பார்த்தார்கள். சரிவைக் கண்டால் மைக்ரோ அடினோமா என்று எழுதினார்கள். 1981-இல் டொரண்டோ ஆய்வாளர்கள் பிரேதப் பரிசோதனைக்கு வந்த 120 சுரப்பிகளையும் குழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கால்வாசிக்கும் மேல் சுரப்பிகளில் நுண்கட்டி இருந்தது. ஆனால் படத்தில் சரிந்த குழிக்கும் உள்ளே இருந்த கட்டிக்கும் நம்பத்தக்க தொடர்பு இல்லை. மனித முகம்போலச் சேணக்குழியும் ஆளுக்கு ஆள் கோணலாக இருக்கிறது என்பதுதான் கண்டது. இத்தனை ஆண்டுகள் படித்த சரிவுகளில் எத்தனை வெறும் கோணல் என்பதற்குக் கணக்கில்லை.

சி.டி. ஸ்கேன் இந்த நிழல் யுகத்தை முடித்தது என்று சொல்வது வழக்கம். முடித்தது, ஆனால் உடனே அல்ல. ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவியில் 1971 அக்டோபர் 1 அன்று விம்பிள்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. நீர்ப்பெட்டிக்குள் நீண்ட ரப்பர் தொப்பியில் தலையை நுழைத்துக்கொள்ள வேண்டும். படம் 80-க்கு 80 கட்டங்கள். ஒவ்வொரு வெட்டும் 13 மில்லிமீட்டர் தடிப்பு. முழுப் பிட்யூட்டரியின் உயரமே எட்டு, ஒன்பது மில்லிமீட்டர்தான். சுரப்பியைவிடத் தடித்த வெட்டில் சுரப்பிக்குள் இருக்கும் கட்டி எப்படித் தெரியும்? மேலே வளர்ந்த பெருங்கட்டிகள் தெரிந்தன. அதுவே பேருதவி, காற்றுப் படத்தின் வதை ஒழிந்தது. வெட்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டராக மெலிந்த பின்பு, நோயாளி தலையைப் பின்னால் தொங்கவிட்டுப் படுத்து எடுத்த படங்களில் சிறு கட்டிகளும் தெரியத் தொடங்கின. பல்லில் உலோகம் அடைத்தவர்களுக்கு அதிலும் கோடுகள் விழுந்து படம் கெட்டது.

எம்.ஆர்.ஐ. வந்ததும், 1988-இல் கடோலினியம் ஊசிமருந்து பயன்பாட்டுக்கு வந்ததும்தான் உண்மையான திருப்பம். பிட்யூட்டரிக்கு மூளையைப்போல ரத்தத் தடுப்பு இல்லாததால் மருந்து ஏறிய ஒரு நிமிடத்துக்குள் சுரப்பி வெளுத்துப் பளிச்சிடும். கட்டி சற்றுப் பின்தங்கி, அந்தச் சில விநாடிகளில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். நேரம் கடந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். மூன்று மில்லிமீட்டர் கட்டியைக்கூட உயிரோடிருக்கும் ஒருவரிடம் பார்க்க முடிந்தது. உடனே காஸ்டெல்லோவின் ஆயிரம் சுரப்பிகளும் திரும்பிவந்தன. 1994-இல் நோய் எதுவும் இல்லாத நூறு தன்னார்வலர்களுக்கு இந்தப் படத்தை எடுத்தபோது பத்துப் பேரிடம் கட்டிபோன்ற புள்ளி இருந்தது. பிரேதச் சுரப்பிகளை உயிருள்ளவர்களோடு ஒப்பிடலாமா, நுண்ணோக்கியில் பட்டதெல்லாம் படத்தில் படுமா என்று கேட்டவர்களுக்கு அந்த நூறு பேரே பதில். தலைவலிக்கு எடுத்த படத்தில் மூன்று மில்லிமீட்டர் புள்ளி இருந்தால், அது தலைவலிக்குக் காரணம் என்று சொல்ல அந்தப் புள்ளி மட்டும் போதாது.

குஷிங்கின் நோயில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. அந்தக் கட்டிகளில் கணிசமானவை நல்ல எம்.ஆர்.ஐ.யிலும் தென்படுவதில்லை, தென்படும் புள்ளி வேறொன்றாகவும் இருக்கலாம். எனவே படம் இத்தனை முன்னேறிய காலத்தில் மருத்துவர்கள் ரத்தத்துக்குத் திரும்பினார்கள். தொடைச் சிரைகளின் வழியே இரு மெல்லிய குழாய்களை மண்டையோட்டின் அடிவரை ஏற்றி, பிட்யூட்டரியிலிருந்து ரத்தம் வடியும் இடத்தில் இரு பக்கமும், அதே நேரத்தில் கையிலும் ரத்தம் எடுத்து, ஏ.சி.டி.எச். ஹார்மோனை ஒப்பிடுவார்கள். தூண்டும் ஊசி போட்டபின் தலையில் எடுத்தது கையில் எடுத்ததைவிட மூன்று மடங்கோ மேலோ இருந்தால் ஊற்று பிட்யூட்டரிதான். 281 நோயாளிகளை வைத்து எட்வர்ட் ஓல்ட்ஃபீல்டும் குழுவினரும் 1991-இல் இதை நிறுவினார்கள். இன்றைய பொதுக் கருத்தும் கிட்டத்தட்ட இதுதான்: படத்தில் ஆறு மில்லிமீட்டருக்குக் குறைவான புள்ளி என்றால் இந்தச் சோதனை தேவை, பத்தைத் தாண்டினால் தேவையில்லை, இடைப்பட்டதில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

படம் தனியாக நின்று பேசுவதில்லை என்ற வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. எந்த ஹார்மோனையும் அதிகமாகச் சுரக்காத பெருங்கட்டிகள் நிறைய. அவற்றை ரத்தம் காட்டிக்கொடுக்காது, படம்தான் காட்டும். சரிதான். ஆனால் அவையும் பார்வை மங்கியோ, திடீர்த் தலைவலியோடு இமை விழுந்தோ, சுரப்பு குறைந்து சோர்ந்தோதான் பெரும்பாலும் படத்துக்கு வந்துசேர்கின்றன. ரத்தப் பரிசோதனையும் பிழைபடும் என்பது இன்னொரு மறுப்பு; அதுவும் உண்மை. மிகப் பெரிய புரோலாக்டின் கட்டிகளில் ஹார்மோன் அளவுக்கு மீறி இருப்பதாலேயே சில சோதனைகள் குறைந்த எண்ணைத் தரும். ரத்தத்தை நூறு மடங்கு நீர்த்துச் சோதித்தால்தான் உண்மை வெளிவரும். அங்கே எச்சரிப்பது படம்: இவ்வளவு பெரிய கட்டிக்கு இவ்வளவு சின்ன எண்ணா என்ற சந்தேகம். எந்தக் கட்டியும் சுரப்பியின் காம்பை அழுத்தினால் புரோலாக்டின் ஓரளவு ஏறும். அங்கே எண் ஏமாற்றும், படம் திருத்தும். தைராய்டு நீண்டநாள் குறைந்திருந்தால் பிட்யூட்டரி வீங்கிக் கட்டிபோலவே தெரியும். அங்கே படம் ஏமாற்றும், டி.எஸ்.எச். என்ற மலிவான சோதனை திருத்தும், மாத்திரையில் வீக்கம் வற்றும். இந்த எடுத்துக்காட்டுகள் படத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அது எப்போதும் ஒரு தரப்புச் சாட்சியாகவே இருந்திருக்கிறது என்பதைத்தான் சொல்கின்றன.

இன்னும் கூர்மையான கருவி வந்தால் இந்தச் சிக்கல் தீராதா என்று கேட்கலாம். 1936-இன் எண் தெரிந்தவர்களுக்கு அந்த நம்பிக்கை வராது: கூர்மை கூடக் கூடத் தீங்கற்ற புள்ளிகள்தான் அதிகம் சிக்கும். மேலும் இன்றைக்கே கேள்விதான் படத்தைத் தீர்மானிக்கிறது. சாதாரண மூளை எம்.ஆர்.ஐ. ஐந்து மில்லிமீட்டர் வெட்டுகளில் எடுக்கப்படுகிறது. சிறு கட்டி அதில் நழுவிவிடும். பிட்யூட்டரிக்கென்று இரண்டு, மூன்று மில்லிமீட்டர் வெட்டுகளும் மருந்து ஏறும் விநாடிகளில் தொடர்படங்களும் வேண்டும். யாராவது கேட்டால்தான் அவை எடுக்கப்படும். படத்துக்கு அனுப்பும் மருத்துவர்கள் படிவத்தில் தலைவலி என்று ஒரு சொல்லோடு நிறுத்தாமல், எந்த ஹார்மோன் எவ்வளவு, பார்வைப் புலம் எப்படி, என்ன சந்தேகம் என்று இரண்டு வரி எழுத வேண்டும். தற்செயலாகச் சிறு புள்ளி தெரிந்திருக்கிறது என்ற அறிக்கை கையில் கிடைத்தவர்கள் அறுவை மருத்துவரைத் தேடும் முன் ஹார்மோன் மருத்துவரிடம் ரத்தச் சோதனை முடிவுகளோடு போங்கள்.